மணலில் எழுதிய முதல் எழுத்து: சீகன்பால்கின் தொடக்கக் கடிதங்களை முன்வைத்து ஒரு மதிப்பீடு

அயல்நாட்டிற்குச் சமயப் பணிக்கெனச் செல்லும் இளைஞர் ஒருவர், போய்ச் சேர்ந்த சின்னாட்களில் எழுதும் கடிதங்களைத் தனி இலக்கிய வகையாகவே கொள்ளலாம். அந்நாட்டைப் பற்றி அவர் அறிந்திருப்பது மிகக் குறைவு. அறிந்திருப்பதாகக் கருதிக்கொள்வதோ மிக அதிகம். பத்தாண்டுகள் கழித்து அவரே எழுதும் நூலில் இவ்விரண்டிற்கும் இடையிலான பள்ளம் தூர்ந்துபோயிருக்கும். புதியதோர் உலகை எதிர்கொண்டபோது ஒரு மனிதரின் உள்ளத்தில் நிகழ்ந்தது என்ன என்பதை அறிய விரும்புவோர், ஆகவே, முதற் கடிதங்களையே நாடவேண்டியவராகின்றனர்.

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடிக் கரையை அடைந்த பர்த்தலோமேயு சீகன்பால்கின் தொடக்கக் கடிதங்களை இந்நோக்கில் வாசிக்க முற்படுகிறோம். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682இல் பிறந்தவர் அவர். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே வழிநடத்திய பக்தி இயக்கத்தின் தாக்கத்திற்கு உள்ளானார். உடல்நலக் குறைவால் அவருடைய பல்கலைக்கழகக் கல்வி இடையிலேயே நின்றது. டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடெரிக்கின் ஆணையை ஏற்று, ஹென்றி புளுட்சோ என்னும் தோழருடன் 1705 நவம்பர் இறுதியில் கோபன்ஹேகனிலிருந்து கப்பலேறினார். புராட்டஸ்டண்டு மிஷனரிகளுள் முதல்வர்களாக அவ்விருவரும் இந்தியக் கரையை அடைந்தபோது சீகன்பால்கின் வயது 24ஐ ஒட்டியிருந்தது.

2006ஆம் ஆண்டு அவருடைய வருகையின் 300ஆம் ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்டது. அதனையொட்டியும் அதன் பின்னரும் அவரைப் பற்றிய எழுத்துகள் பெருகின. அவற்றுள் பெரும்பகுதி போற்றியுரை; எஞ்சியவற்றுள் கணிசமானது தூற்றியுரை. ஒரு சாரார்க்கு அவர் தமிழுக்கு அச்சும் அகராதியும் தந்த அருட்தொண்டர். மறுசாரார்க்கு ஐரோப்பிய ஆதிக்கத்தின் முன்னோடி. இவ்விரு சாராரும் அவர் எழுதியதைவிட அவர் பெயரையே மிகுதியாக வாசித்துள்ளனர் என்பது நம் கருத்து. தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு இக்கடிதங்களில் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. அவர் இறங்கிய ஊரில் நம் முன்னோர் வாழ்ந்தனர். அவருடைய எழுத்துகளில் அவர்கள் இடம்பெறவும் செய்கின்றனர். எவ்வாறு இடம்பெறுகின்றனர் என்பதே இக்கட்டுரையின் மையக் கேள்வி.

கடிதங்களும் பதிப்புகளும்

கடிதங்களை மதிப்பிடுமுன் அவை நம் கைக்கு வந்து சேர்ந்த வழியை அறிதல் வேண்டும். சீகன்பால்கின் முதற் கடிதங்கள் யோவாக்கிம் லாங்கே என்பவரின் முயற்சியால் 1708இல் ஜெர்மன் மொழியில் நூலுருப் பெற்றன. அடுத்த ஆண்டே லண்டனில் அவற்றின் ஆங்கில வடிவம் வெளிவந்தது. 1710 முதல் ஃபிராங்கே ஹாலேயிலிருந்து தொடர் அறிக்கைகளை வெளியிடலானார். ஐரோப்பாவின் பக்தியுள்ள குடும்பங்களில் இவை ஆர்வத்தோடு வாசிக்கப்பட்டன. வாசித்தோர் நன்கொடை அனுப்பினர். நன்கொடையும் வேண்டுதலும் திரட்டுவதே அப்பதிப்புகளின் நோக்கமாக இருந்தமையால், பதிப்பாசிரியர்கள் கடிதங்களைச் சுருக்கினர், திருத்தினர். கொடையாளரின் உள்ளத்தைக் குழப்பக்கூடிய செய்திகளை வெளியிட அவர்கள் தயங்கினர். முழுமையான கடிதங்களை ஆர்னோ லேமன் என்னும் அறிஞர் தொகுத்து வெளியிட 1957 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஹதீஸ் கலையோடு சற்றேனும் பழக்கமுடைய நம் வாசகர்க்கு இச்செய்தியின் முக்கியத்துவத்தை விளக்கவேண்டியதில்லை. மத்னை ஆராயுமுன் இஸ்னாதைப் பார்க்கவேண்டும் என்பது நமக்குப் பாலபாடம். சொன்னவர் யார், எடுத்துரைத்தவர் யார், இடையில் எவர் கை பட்டது என்னும் வினாக்களைச் சீகன்பால்கை வாசிப்போரும் எழுப்பவேண்டும். அவரைப் போற்றியோர் பலர் அச்சான அறிக்கைகளின் குரலையே அவருடைய முழுக்குரல் எனக் கொண்டனர். தூற்றியோரும் அதே பிழையைச் செய்தனர்.

கரையிறங்கிய நாள்

திருச்சபை வரலாறுகள் விரும்பிச் சொல்லும் காட்சி ஒன்றுண்டு. 1620இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட உடன்பாட்டின் வழி டேனிஷ் கம்பெனி பெற்ற ஊர் தரங்கம்பாடி. கடலை நோக்கி நிற்கும் டேன்ஸ்போர்க் கோட்டையும் வணிகக் கிடங்குகளும் கம்பெனியின் உலகம். மிளகும் துணியும் வாங்க வந்தவர்களுக்கு மதப் பிரசாரகர் இருவரின் வருகை உவப்பானதாக இல்லை. ஆளுநர் ஹாசியுஸ் மன்னரின் ஆணையைக் கண்டும் முகங்கொடுக்கவில்லை. தங்க இடமின்றி இளைஞர் இருவரும் அந்திப்பொழுதில் சந்தைவெளியில் நிற்க நேர்ந்தது. ஒருவர் இரக்கங்கொண்டு இடந்தந்த பின்னரே அவர்கள் தலைசாய்த்தனர்.

இக்காட்சி உண்மையானதே. ஆயினும் வரலாற்றாசிரியர்கள் இதனைத் தியாகத்தின் முதற் படியாக நிறுத்தி, அங்கிருந்து 1707 மே மாதத்தில் நிகழ்ந்த முதல் ஞானஸ்நானத்திற்கும், அவ்வாண்டு ஆகஸ்டில் திறக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்திற்கும் விரைந்து சென்றுவிடுகின்றனர். துன்பம், பின்னர் வெற்றி என்னும் இவ்வமைப்பில் இடைப்பட்ட மாதங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. நம் கருத்தில் கடிதங்களின் உயிர்ப்பகுதி அம்மாதங்களிலேயே உள்ளது.

முதல் ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் ஐரோப்பியரின் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள் என்பதையும் இங்கே குறித்தல் தகும். வெற்றிக் கதையாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியில் அவ்வெளியவர்களின் தெரிவு எத்துணை சுதந்திரமானது என்னும் வினாவைப் போற்றியுரைகள் எழுப்பவில்லை.

இவ்விடத்தில் நம் வாசகர்க்கு முஸ்அப் இப்னு உமைர் (ரழி) அவர்கள் நினைவுக்கு வருதல் இயல்பு. முதல் அகபா உடன்படிக்கைக்குப் பின் 621இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களால் யத்ரிபுக்கு அனுப்பப்பட்ட அவ்விளைஞரும் செல்வ வாழ்வைத் துறந்து வேற்றூர் சென்றவரே. ஆயினும் அவரை அழைத்தவர்கள் அவ்வூரார். அஸ்அத் இப்னு ஸுராரா (ரழி) அவர்களின் இல்லம் அவருக்குத் திறந்திருந்தது. அவர் பேசியதும் அவர்கள் பேசியதும் ஒரே அரபு மொழி. ஈட்டியேந்திச் சினத்தோடு வந்த உஸைத் இப்னு ஹுளைரிடம், அமர்ந்து கேட்டுப் பாருங்கள் எனச் சொல்வதற்கு அவருக்குச் சொல் இருந்தது. சீகன்பால்குக்கு அழைப்பு இல்லை, இல்லம் இல்லை, மொழியும் இல்லை. இவ்வேறுபாட்டை எடுத்துரைப்பது ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்துவதற்கன்று. மொழியின்றி வந்த மிஷனரி, சொல்ல வந்ததைச் சொல்லுமுன் நெடுங்காலம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியவரானார். அந்தக் கட்டாயமே அவருடைய முதல் நாட்களுக்குப் பொருள் தருகிறது.

திண்ணைப் பள்ளியில்

டேனியரின் ஊரில் அன்றைய பொதுமொழி போர்த்துக்கீசியம். மிஷனரிகள் இருவரும் முதலில் அதனைக் கற்கத் தொடங்கினர். பின்னர் புளுட்சோ போர்த்துக்கீசியத்தையும் சீகன்பால்க் தமிழையும் தத்தம் பொறுப்பாக்கிக்கொண்டனர். தமிழ் கற்க அவர் கையில் இலக்கண நூலோ அகராதியோ இல்லை. ஆகவே, 70 வயது மதிக்கத்தக்க உள்ளூர் ஆசிரியர் ஒருவரை அணுகி, அவர் தம் பள்ளியை மிஷனரிகளின் வீட்டிலேயே நடத்துமாறு ஏற்பாடு செய்தார். அங்கே சிறுவர்களோடு சிறுவராகத் தரையில் அமர்ந்து, விரலால் மணலில் அகர முதலாகிய எழுத்துகளை எழுதிப் பழகினார்.

சிறு பருவத்தில் பள்ளிவாசல் மக்தபில் பலகையேந்தி அலிஃப், பே பயின்ற தலைமுறையினர்க்கு இக்காட்சியின் நெருக்கம் புரியும். இறையியல் பயின்று, குருப்பட்டம் பெற்று, மன்னரின் முத்திரையோடு வந்த ஓர் ஐரோப்பியர், ஐந்து வயதுச் சிறுவனின் எழுத்து தம் எழுத்தைவிடச் சீராக அமைவதைக் காண்கிறார். ஞானம் வழங்க வந்தவர் அரிச்சுவடி கேட்டு நிற்கிறார். அவர் ஊதியம் தந்து ஆசிரியரை அமர்த்தியவர் என்பதையும், அவ்வூரின் பீரங்கிகள் அவருடைய இனத்தாரின் கையில் இருந்தன என்பதையும் மறப்பதற்கில்லை. அவ்வாறிருந்தும் மணலின் முன் அவர் மாணவரே.

அந்தப் பள்ளிக்கும் ஓர் எல்லை இருந்தது. முதியவர் எழுத்தறிவித்தார்; போர்த்துக்கீசியம் அறியாமையால் பொருளறிவிக்க அவரால் இயலவில்லை. ஓசை வந்தது, பொருள் வரவில்லை. அப்போதுதான் ஐரோப்பிய மொழிகள் சிலவற்றை அறிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அமர்த்தப்பட்டார். ஜெர்மன் எழுத்துகளில் திரிந்து காணப்படும் அவர் பெயரை அறிஞர்கள் அழகப்பன் எனப் படிக்கின்றனர். சீகன்பால்கின் ‘தமிழ்த் தொண்டு’ எனப் பின்னாளில் புகழப்பட்டதன் அடித்தளத்தில் இவ்விரு தமிழரும் நிற்கின்றனர். ஓரிரு ஆண்டுகளில் மிஷனரி 20,000 சொற்களைத் திரட்டியதாக எழுதினார். அத்தொகையை வியப்போர், அச்சொற்களைச் சொல்லிக் கொடுத்தவர்கள் யார் என்பதையும் வினவுதல் முறை.

பின்னர் அவர் வகுத்துக்கொண்ட அன்றாட ஒழுங்கும் கடிதங்களில் பதிவாகியுள்ளது. காலையில் சொற்களைத் திரும்பப் படித்தல், பின்னர் புலவரொருவர் உடனிருக்கத் தமிழ் ஏடுகளை வாசித்தல், விளங்காத சொல்லை அவ்வப்போதே எழுதி வைத்தல் என அது அமைந்தது. ஓர் ஏட்டை அவர் பன்முறை படித்தார். ஜெர்மன், இலத்தீன் நூல்களைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்தார். நம் மதரஸாக்களில் உஸ்தாதின் முன்னமர்ந்து கிதாபை வரிவரியாக ஓதும் முறையை இது நினைவூட்டுகிறது. ஆசிரியரின்றி ஏட்டைத் தொடாமை என்னும் அந்த ஒழுக்கத்தை அவர் விரைவிலேயே கற்றுக்கொண்டார்.

கேட்டதனால் நேர்ந்த மாற்றம்

முதல் நாட்கள் எங்கே முடிகின்றன? அயலார் ஒருவர் அவ்வூர் மக்களைப் பற்றித் தாம் கொண்டுவந்த கருத்தைத் தாமே ஐயுறத் தொடங்கும் வேளையில் அவை முடிகின்றன எனலாம். சீகன்பால்குக்கு அதற்கு ஏறத்தாழ ஈராண்டு பிடித்தது.

இம்மக்களுக்குக் கல்வியில்லை, ஒழுக்க நெறியில்லை என ஐரோப்பாவில் தாம் எண்ணியிருந்ததாகவும், அவர்களுடைய மொழியைக் கற்று நூல்களைப் படித்தபின் அவ்வெண்ணம் தவறெனக் கண்டதாகவும் அவரே எழுதுகிறார். 1708இல் நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலக நீதி ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அவ்வாண்டிலேயே தாம் திரட்டிய ஏடுகளுக்கு விளக்கக் குறிப்புகளுடன் பட்டியல் ஒன்றும் அமைத்தார். இந்து, சமண சமயத்தாரின் நூல்களைக் கொண்ட அதன் பெரும்பகுதியில் மட்டும் 119 நூல்கள் விவரிக்கப்படுகின்றன. இறந்துபோன அந்தணர்களின் கைம்பெண்களிடமிருந்து சில ஏடுகளைக் குறைந்த விலைக்கு வாங்கியதையும் அவர் மறைக்கவில்லை. வறியோரின் வீட்டிலிருந்து அறிவுச்செல்வம் இவ்வாறு வெளியேறியதை நாம் புகழ இயலாது. எனினும் அப்பட்டியல் இன்று தமிழ் இலக்கிய வரலாற்றுக்கு அரிய சான்றாகும்.

இம்மாற்றத்தை அவருடைய தலைவர்கள் விரும்பினாரல்லர். 1713இல் அவர் தென்னாட்டுத் தெய்வங்களின் வரலாற்றை விரிவாக எழுதி ஹாலேக்கு அனுப்பினார். புறச்சமயத்தை அகற்ற அனுப்பப்பட்டவர்கள் அச்சமயத்தின் கதைகளை ஐரோப்பாவில் பரப்பலாகாது என்னும் கருத்தில் ஃபிராங்கே அதனை அச்சிடவில்லை. 1867இல் சென்னையில் வில்ஹெல்ம் ஜெர்மன் என்னும் மிஷனரி பதிப்பித்த பின்னரே அது வெளியுலகைக் கண்டது. இந்துச் சமயம் குறித்து 1711இல் அவர் எழுதிய மற்றொரு பெருநூல் 1926 வரை கையெழுத்தாகவே கிடந்தது. கேட்டறிந்தவரை, கேளாதவர்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக வாய்மூட வைத்தனர்.

மாற்றம் முழுமையானதும் அன்று. 1713இல் தரங்கம்பாடி அச்சகத்தின் தொடக்க வெளியீடுகளுள் ஒன்றாக அவருடைய சிறுநூல் ஒன்று தமிழில் வந்தது. இந்நாட்டாரின் சமயத்தைக் கண்டிக்கும் அதன் பெயரில் முதன்மை பெற்று நிற்கும் சொல் ‘அக்கியானம்’. இம்மக்கள் அறிவிலிகளல்லர் என ஐரோப்பியருக்கு எழுதியவரே, அம்மக்களிடம் அவர்களின் நிலையை அறிவின்மை என்று அச்சிட்டு வழங்கினார். இதனை நயவஞ்சகம் எனத் தள்ளிவிடுவது எளிது. அது நேர்மையான மதிப்பீடாகாது. அறிவை அவர் இரண்டாகப் பகுத்தார். உலகியலிலும் ஒழுக்கத்திலும் தமிழர் கற்றோர் என ஒப்பினார்; இறைவனை அறிவதில் அவர்கள் இருளில் உள்ளனர் எனக் கொண்டார். ‘ஜாஹிலிய்யா’ என்னும் சொல்லை முன்பின் பாராது அயலார் மீது வீசுவோர் நம்மிடையிலும் உளர். அவர்களுக்கும் இப்பகுப்பின் வசதி நன்கு தெரியும்.

‘மூர்’ என்னும் ஒரு சொல்

இனி, நம் மையக் கேள்விக்கு வருவோம். தரங்கம்பாடியில் சீகன்பால்க் இறங்கியபோது அங்கே முஸ்லிம்கள் இருந்தனர், பள்ளிவாசல் இருந்தது. தெற்கே 25 கிலோமீட்டர் அளவில் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்களின் அடக்கத்தலமாகிய நாகூர். சோழமண்டலக் கடற்கரையெங்கும் மரைக்காயர்களின் கப்பல்கள் இயங்கிய காலம் அது. மதுரையில் 1572இல் வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிரமசலா அரங்கேறி ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் கழிந்திருந்தது. உமறுப் புலவரின் சீறாப்புராணமோ அண்மைக்காலப் படைப்பு. இஸ்லாம் தமிழில் பேசத் தொடங்கிப் பல தலைமுறைகள் ஆகியிருந்தன.

சீகன்பால்க் அப்போதுதான் எதிர்கொண்டிருந்த சிக்கலை இந்தத் தமிழ் முஸ்லிம்கள் முன்னரே எதிர்கொண்டு கடந்திருந்தனர். வேற்று மண்ணில் தோன்றிய மார்க்கத்திற்குத் தமிழில் எச்சொற்களை வழங்குவது என்பதே அச்சிக்கல். மஸ்ஜிதுக்குப் பள்ளி, ஸலாத்துக்குத் தொழுகை, ஸவ்முக்கு நோன்பு எனத் தமிழின் பழஞ்சொற்களை அவர்கள் எடுத்தாண்டனர். பள்ளி என்னும் சொல் சமண, பௌத்தத் துறவிகளின் உறைவிடத்தைக் குறித்தது, பின்னர் கல்விக்கூடத்தையும் குறித்தது, நம்மவரிடம் இறையில்லமாயிற்று. அல்லாஹ், நபி, ஹஜ் போன்றவற்றை மாற்றாது வைத்தனர். திருக்குர்ஆனை மறை என்றும் வேதம் என்றும் நம் புலவர்கள் பாடினர். எதனைப் பெயர்ப்பது, எதனைப் பெயர்க்காது விடுவது என்னும் நுட்பமான தீர்ப்பு இதில் அடங்கியுள்ளது. சீகன்பால்க் தம் சொற்களுக்குக் கத்தோலிக்கத் தமிழ் ஏடுகளை நாடினார். சருவேசுரன் முதலிய சொற்களை அங்கிருந்து பெற்றார். நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அடங்கிய அவருடைய மொழிபெயர்ப்பு 1714இல் அச்சேறியபோது, அதன் பெயரிலும் ‘வேதம்’ என்னும் சொல் இருந்தது. மூன்று சமயத்தார் ஒரே சொல்லைத் தத்தம் மறைக்கு வழங்கிய அந்நிலையை அவர் ஆராய்ந்திருந்தால் எத்துணைப் பயன் விளைந்திருக்கும்!

அவர் ஆராயவில்லை. முஸ்லிம்களை அவர் ‘மூர்’ என்றே குறித்தார். ஸ்பெயினிலும் வட ஆப்பிரிக்காவிலும் பிறந்து, போர்த்துக்கீசியரின் கப்பலில் ஏறித் தமிழ்க்கரைக்கு வந்த சொல் அது. மனிதகுலத்தை யூதர், கிறித்தவர், முகமதியர், புறச்சமயத்தார் என நான்காகப் பகுக்கும் ஐரோப்பிய வழக்கையும் அவர் தம்மோடு கொண்டுவந்தார். ‘மலபாரிகள்’ என அவர் தமிழரைக் குறிக்கும்போது பெரும்பாலும் இந்துச் சமயத்தாரையே எண்ணுகிறார். அதே தமிழைப் பேசிய, அதே ஏட்டில் எழுதிய முஸ்லிம் வேறொரு கட்டத்தில் வைக்கப்படுகிறார்.

அவருடைய நூற்பட்டியலில் இஸ்லாமிய நூல்களுக்கென ஒரு பகுதி உண்டு. 1880இல் அப்பட்டியலை அச்சிட்டபோது இந்து, சமண நூல்களின் பகுதியே வெளிவந்தது. வில் ஸ்வீட்மனும் ஆர். இலக்குவனும் 2012இல் வெளியிட்ட ஆய்வுப் பதிப்பு முழுப்பட்டியலையும் ஆங்கிலத்தில் தந்துள்ளது. நம் முன்னோரின் நூல்கள் ஐரோப்பியர் ஒருவரின் பட்டியலில் தனியிடம் பெற்ற தொடக்ககாலச் சான்று என்னும் வகையில் அப்பகுதி மதிக்கத்தக்கது. ஆயினும் அது மிகச் சிறியது; 119 நூல்களுக்கு முன் சில ஏடுகள் மட்டுமே. முஸ்லிம்களோடு அவர் உரையாடியதும் உண்டு. 1719இல் லண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்த உரையாடல் தொகுப்பில் அத்தகையன இடம்பெறுகின்றன. இருப்பினும் இந்துச் சமயத்தைப் பற்றிப் பெருநூல்கள் இரண்டு எழுதியவர், தம் தெருவிலிருந்த முஸ்லிம்களின் தமிழ் வாழ்வைப் பற்றி அத்தகைய நூல் எதனையும் எழுதவில்லை.

காரணம் பகைமையன்று என்பது நம் கணிப்பு. இந்துக்களைப் பற்றித் தமக்கு எதுவும் தெரியாது என்பதை அவர் மணலில் எழுதிய நாட்களிலேயே உணர்ந்துவிட்டார், எனவே கேட்டார். முஸ்லிம்களைப் பற்றித் தமக்குத் தெரியும் என எண்ணினார், எனவே கேட்கவில்லை. சிலுவைப் போர்கள் முதல் வியன்னா முற்றுகை வரை ஐரோப்பா சேர்த்து வைத்திருந்த ‘அறிவு’ அவருடைய பெட்டியில் முன்கூட்டியே இருந்தது. 1683இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டபோது அவர் கைக்குழந்தை. அத்தகைய தலைமுறையில் வளர்ந்தவர்க்கு நாகூரின் மரைக்காயரும் இஸ்தான்பூலின் சிப்பாயும் ஒரே கட்டத்தில் அடங்கினர்.

அவருக்குப் பின் வந்தோரும் இக்குறையை நிறைவு செய்யவில்லை. 1728இல் யோஹான் ஹைன்ரிக் கல்லென்பெர்க் யூதர்க்கும் முஸ்லிம்களுக்குமென ஹாலேயில் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். சென்னையில் பணியாற்றிய பெஞ்சமின் ஷுல்ட்ஸே இந்துஸ்தானி மொழிக்கு இலக்கணம் எழுதினார். அது 1745இல் ஹாலேயில் வெளிவந்தது. முஸ்லிமைத் தேடியோர் அரபியிலும் இந்துஸ்தானியிலும் தேடினர். தமிழைத் தேடியோர் இந்துவிடம் தேடினர். இரண்டிற்கும் நடுவே, தமிழையே தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் எவர் கண்ணிலும் முழுமையாகப் படவில்லை. முஸ்லிம் என்றதும் அவனுடைய மொழி தமிழ்தானா எனக் கேட்கும் வியப்பு இன்றும் முற்றிலும் ஓயவில்லை. அதற்கு இத்தகைய வகைப்பாடுகளும் ஒரு காரணம்.

மதிப்பீடு

நீதி எனும் அத்லின் அளவுகோலால் சீகன்பால்கை நிறுத்துப் பார்க்கையில் அவருக்கு இணையாக நம் மரபிலிருந்து நிறுத்தத்தக்கவர் அல்பிரூனி. ஏறத்தாழ 1030இல் முடிவுற்ற அவருடைய இந்திய நூல், கஸ்னவிப் படையெடுப்புகளின் நிழலில் எழுதப்பட்டதே. சமஸ்கிருதம் கற்று, அயலாரின் கொள்கையை அவர்களுடைய நூல்களைக் கொண்டே எடுத்துரைப்பதை அவர் தம் முறையாகக் கொண்டார். அல்பிரூனி மதம் மாற்றச் சென்றவரல்லர். சீகன்பால்க் அதற்கெனவே சென்றவர். ஆகவே அல்பிரூனிக்கு எளிதாக இருந்த நடுநிலை சீகன்பால்குக்குப் போராட்டமாயிற்று. மாற்ற வந்தவர் தாம் மாறுவதற்கும் சிறிது இடந்தந்தார் என்பதே அவருடைய பெருமை. அவ்விடம் பள்ளிவாசலின் வாயில்வரை நீளவில்லை என்பது அவருடைய குறை.

அவரைத் தூற்றுவோர் முதற்கூற்றையும், போற்றுவோர் இரண்டாவதையும் விட்டுவிடுகின்றனர். 1708 நவம்பர் முதல் நான்கு மாதம் டேனிஷ் ஆளுநராலேயே சிறைவைக்கப்பட்டவரை ஆதிக்கத்தின் கருவி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தம் 36ஆம் வயதில், 1719இல் தரங்கம்பாடியிலேயே அவர் மறைந்தார். இவ்வுண்மைகளை ஒப்புக்கொள்வதால் நம் ஈமானுக்கோ தன்மானத்திற்கோ இழுக்கேதுமில்லை.

நம் சமுதாயத்திலிருந்தும் இளைஞர்கள் அழைப்புப் பணிக்கெனத் தொலைதூர நாடுகளுக்குச் செல்கின்றனர். அவர்கள் கையில் நூல்களும் ஒலிப்பேழைகளும் குறுந்தகடுகளும் இருந்த காலம் போய், இன்று எல்லாமே கைப்பேசியில் அடங்கிவிட்டன. சென்ற நாட்டில் முதல் நாளே பேசத் தொடங்கிவிட முடிகிறது. அவ்வசதியே அவர்களுக்கு இழப்பாகவும் கூடும். எவரிடம் செல்கிறோமோ அவர்களைப் பற்றி நமக்கு ஏற்கெனவே தெரியும் என்னும் நினைப்பு சீகன்பால்கை எங்கே நிறுத்தியது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

நம் ஆய்வாளர்களுக்கும் ஒரு பணி காத்திருக்கிறது. 1708ஆம் ஆண்டுப் பட்டியலின் இஸ்லாமியப் பகுதியை ஒவ்வொரு பதிவாக எடுத்து, ம.மு. உவைஸும் பீ.மு. அஜ்மல்கானும் எழுதிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றின் தொகுதிகளோடு ஒப்பிட்டு, எவை இன்றும் உள்ளன, எவை மறைந்தன எனக் கண்டறிதல் வேண்டும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் காரைக்காலிலும் பழைய வீடுகளின் பெட்டிகளில் செல்லரித்துக் கிடக்கும் ஏடுகளையும் அர்வி எழுத்துச் சுவடிகளையும் அப்பட்டியலை உடன்வைத்துக்கொண்டு தேடவேண்டும். இளைஞர் ஒருவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்கி ஈராண்டுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஏடுகளுக்குக் குறிப்பெழுத முடிந்தது. நம் ஊர்களின் ஏடுகளுக்கு அத்தகைய குறிப்பொன்றை எழுத, ஊருக்கு ஓரிரு இளைஞர்கள் முன்வந்தாலே போதும். ஒவ்வோராண்டு கழியும்போதும் அவர்கள் படிக்கவேண்டிய ஏடுகள் குறைந்துகொண்டே வருகின்றன.